கண் வீங்கினால் எங்கே பார்ப்பது?

காலையில் எழுந்ததும் குழந்தையின் முகத்தைப் பார்க்காத தாய் இல்லை. முகத்திலும் முதலில் பார்வை போய் நிற்பது கண்களில்தான். முதுகிலோ முழங்காலிலோ சிறு வீக்கம் கண்டால் அது நம் கவனத்துக்கு வர இரண்டு நாள் ஆகும். கண்ணைச் சுற்றிச் சற்று அதைத்திருந்தாலோ, வீடு முழுவதும் அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிவிடும். "ராத்திரி வெகு நேரம் விழித்திருந்தான், அதுதான்" என்பார் தகப்பனார். "இல்லை, விளையாடிவிட்டு அடித்துப் போட்டாற்போல் தூங்கினான், அதுதான்" என்பார் தாயார். "தலையில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது, சாம்பிராணிப் புகை போட்டால் வாங்கிவிடும்" என்பார் பாட்டி. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றச் சொல்லும் அத்தையும், விளக்கெண்ணெய் ஒரு துளி விடச் சொல்லும் எதிர் வீட்டு அம்மாளும் வந்து சேர்வார்கள். எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுவார்கள். குழந்தைக்கு நேற்று மூத்திரம் எப்படிப் போயிற்று என்று ஒருவராவது கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று சொல்வதற்காகத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். நான் வைத்தியன் அல்லன். உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான பாடம் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயன். ஆனால் உபாத்தியாயனுக்கு டாக்டருக்கும் வாய்க்காத ஒரு வசதி உண்டு. காலை முதல் மணியில் நாற்பது முகங்கள் வரிசையாக எதிரே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் நேற்று எப்படி இருந்தது என்பதும் அவனுக்குத் தெரியும்.

முதலில், வீக்கம் ஏன் கண்ணைத் தேடிக்கொண்டு வருகிறது என்று பார்ப்போம். கண்ணிமையின் தோல்தான் நம் சரீரத்திலேயே மிக மெல்லிய தோல். அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்கு அடியில் கொழுப்புப் படலமும் கிடையாது. தளர்ந்த, நெகிழ்ந்த திசுதான் உண்டு. உள்ளங்கைத் தோல் இறுக்கித் தைத்த மெத்தை என்றால், இமை உதறிப் போட்ட பஞ்சு. சரீரத்தில் எங்கேனும் சிறிதளவு நீர் மிகுந்தாலும் அந்தப் பஞ்சில் முதலில் தெரிந்துவிடும். இதனுடன் பூமியின் ஈர்ப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பகல் முழுவதும் நிமிர்ந்து நடமாடுகிறோம். மிகுந்த நீர் கணுக்காலுக்கு இறங்குகிறது. இரவில் நீட்டிப் படுக்கிறோம். முகத்துக்கும் பங்கு கிடைக்கிறது. காலையில் கண்ணில் கண்ட வீக்கம் மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டால், "சரியாய்ப் போயிற்று" என்று நாம் நிம்மதி அடைகிறோம். அது சரியாகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. பையனின் காலுறையைக் கழற்றிப் பாருங்கள். கணுக்காலைச் சுற்றி ஆழமாகத் தடம் பதிந்திருந்தால், காலையில் கண்ணில் இருந்தது மாலையில் காலுக்கு வந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

கண்ணுக்கே உரிய வீக்கங்களும் பல உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவை பெரும்பாலும் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பவை.

இமையின் விளிம்பில் ஒரே இடத்தில் சிவந்து, தொட்டால் வலிக்கும் சிறு கட்டி கண்கட்டி. இதற்கு நாமக்கட்டியை இழைத்துப் பூசுவது நம் வழக்கம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் பத்து நிமிஷம் ஒத்தடம், நாளைக்கு மூன்று நான்கு முறை என்று கொடுத்தாலே அநேகமாய்த் தானே உடைந்து ஆறிவிடும். நகத்தால் கிள்ளுவதும் பிதுக்குவதும் கூடாது. பூச்சி கடித்தாலும், ஒவ்வாத பொருள் பட்டாலும் திடீரென்று இமை பந்துபோல் உப்பும். இதில் வலியைவிட அரிப்பு அதிகம். தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொள்பவர்களுக்கும், கறுப்பு மருதாணி என்று விற்கும் ரசாயனக் கலவையை இட்டுக்கொள்பவர்களுக்கும் இது நேர்வதுண்டு. நகத்துக்குப் பூசும் வர்ணத்தின் விசித்திரம் வேறு. விரல் ஒன்றும் ஆகாமல் சுகமாக இருக்கும். அந்த விரலால் அடிக்கடி கண்ணைத் தொடுவதால் மெல்லிய இமை மட்டும் சிவந்து வீங்கும். காரணமான பொருளை விலக்கி, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, டாக்டர் தரும் ஒவ்வாமை மாத்திரையைச் சாப்பிட்டால் அடங்கிவிடும். கண்ணோடு உதடும் நாக்கும் தடித்துக் குரல் கம்மி மூச்சு முட்டினால் அது வேறு விஷயம். அப்பொழுது மாத்திரை தேடிக்கொண்டிருக்கலாகாது. தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டிய அவசரம் அது. இரத்தக் கொதிப்புக்காக எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மருந்துகளைச் சாப்பிடும் பெரியவர்களுக்கு, மருந்து தொடங்கிப் பல மாதங்கள், வருஷங்கள் கழிந்த பிறகும் இப்படி உதடும் இமையும் வீங்கக்கூடும். நெடுநாள் பழகிய மருந்தாயிற்றே என்று அதன்மேல் யாருக்கும் சந்தேகம் தோன்றுவதில்லை.

ஒரே பக்கத்துக் கண் சிவந்து, சூடேறி, ஜுரத்தோடு வீங்கினால் கிருமி புகுந்திருக்கிறது. இமையின் தோலளவில் நின்றால் மருந்துக்குக் கட்டுப்படும். மூக்கை ஒட்டிய எலும்பு அறைகளிலிருந்து சீழ் பரவிக் கண் குழிக்குள்ளேயே புகுந்துவிட்டால் அபாயம். கருவிழியைத் திருப்பினால் வலி, கண் முன்னே பிதுங்குதல், பொருள்கள் இரண்டிரண்டாய்த் தெரிதல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மறுநாள் என்ற பேச்சே கூடாது. 2021-ஆம் ஆண்டில் கோவிட் நோயின் இரண்டாவது அலையின்போது, சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பலரைக் கறுப்புப் பூஞ்சை பிடித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் ஒரு பக்கமாகத் தோன்றிய வலியும் வீக்கமும்தான் அவர்களில் அநேகருக்கு முதல் அடையாளம்.

இவையெல்லாம் வலிக்கும், அரிக்கும், சிவக்கும். ஆகையால் வீட்டார் தாமாகவே வைத்தியரிடம் ஓடுவார்கள். நான் அஞ்சுவது வலிக்காத வீக்கத்தைக் கண்டு. சிவப்பில்லை, சூடில்லை, அரிப்பில்லை. இரண்டு கண்களும் ஒன்றுபோல் அதைத்திருக்கின்றன. காலையில் மிகுதி, மாலையில் குறைவு. குழந்தையோ ஓடுகிறது, ஆடுகிறது, சிரிக்கிறது. இந்தச் சாதுவான வீக்கத்துக்குக் காரணம் கண்ணிலிருந்து வெகு தூரத்தில், முதுகின் இரு புறமும் உள்ள சிறுநீரகங்களில் இருக்கக்கூடும்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. வளர்ந்த மனிதனின் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றிவிட்டு மற்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. இவ்வளவு வடிகட்டியும் இரத்தத்திலுள்ள புரதத்தில் நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் நழுவ விடுவதில்லை. அந்தப் புரதத்தில் முக்கியமானது அல்புமின். 100 மில்லிலிட்டர் இரத்தநீரில் 3.5 முதல் 5 கிராம் வரை அல்புமின் இருக்க வேண்டும். இரத்தக் குழாயிலிருந்து கசியும் நீரைத் திரும்ப உள்ளே இழுத்து நிறுத்துவது அதுதான். இந்தக் கணக்கை 1896-இல் விளக்கியவர் ஏர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடலியல் நிபுணர். வடிகட்டி பழுதுபட்டு அல்புமின் மூத்திரத்தில் ஒழுகிப் போய்விட்டால், நீரைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. சிறுநீரகமும் உப்பை வெளியேற்றாமல் தேக்குகிறது. உப்போடு நீரும் தங்குகிறது. அது திசுக்களில் கசிந்து, நாம் முன்பு பார்த்த பஞ்சிலே முதலில் தலை காட்டுகிறது. கவனியாமல் விட்டால் வயிறும் நீர் கொள்ளும். மகோதரம் என்று நம் பெரியோர் சொல்வது அந்த நிலையைத்தான்.

வீக்கத்தையும் மூத்திரத்தையும் சிறுநீரகத்தையும் ஒரே சரட்டில் கோத்துக் காட்டியவர் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ரிச்சர்ட் பிரைட். அவருடைய நூல் 1827-இல் வெளிவந்தது. வீங்கிய நோயாளிகளின் மூத்திரத்தைச் சோதிப்பதற்கு அவர் கையாண்ட கருவிகள் இரண்டே: ஒரு கரண்டி, ஒரு மெழுகுவத்தி. கரண்டியில் மூத்திரத்தை எடுத்துச் சுடரின்மேல் பிடித்தால், அல்புமின் இருப்பின் அது வெண்மையாகத் திரைந்துவிடும். முட்டையின் வெண்கரு சூட்டில் கெட்டிப்படுவதும் இதே காரியந்தான். முட்டை சேராத வீட்டார் பால் திரிவதை நினைத்துக்கொள்ளலாம். அந்த நோயாளிகள் இறந்த பின் உடலைத் திறந்து பார்த்து, சிறுநீரகம் கெட்டிருப்பதை அவர் கண்டறிந்தார். அதன் பிறகு நூறு வருஷங்களுக்கு மேல் சிறுநீரக வியாதிக்கே 'பிரைட் நோய்' என்று பெயர் வழங்கியது. கண்ணில் வீங்கியதைக் கரண்டியில் பார்த்த அவருடைய புத்தியை எத்தனை புகழ்ந்தாலும் தகும்.

இன்று கரண்டியும் வேண்டாம், மெழுகுவத்தியும் வேண்டாம். மருந்துக் கடையில் விற்கும் காகிதப் பட்டையை, காலையில் முதல் முதலாகக் கழியும் மூத்திரத்தில் தோய்த்தால் ஒரு நிமிஷத்துக்குள் மஞ்சள் நிறம் பச்சையாக மாறும். பச்சை எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவு புரதம். டப்பாவின்மேல் உள்ள வர்ணக் கட்டங்களோடு ஒப்பிட்டு 'இல்லை', 'சுவடு', ஒன்று முதல் நான்கு பிளஸ் வரை என்று படித்துக்கொள்ளலாம். ஜுரத்தின்போதும், தண்ணீர் குடிக்காமல் மூத்திரம் கட்டித்துப் போகும்போதும் சுவடு காணலாமாகையால் ஒரு தடவை பார்த்ததைக் கொண்டு கலங்க வேண்டியதில்லை. மூன்று பிளஸ் என்று காட்டினால் தாமதம் செய்யலாகாது. அதன் பிறகு பரிசோதனைச் சாலையில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுவார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு அது 0.2-க்குக் குறைவாக இருப்பது வழக்கம். 2-க்கு மேல் போனால், இரத்தத்தில் அல்புமினும் 3 கிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால், 'நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்' என்று டாக்டர்கள் பெயரிடுவார்கள்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் இது மிகுதியாகக் காண்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. பெரும்பாலான குழந்தைகளின் சிறுநீரகத்தைச் சாதாரண நுண்காட்டியில் வைத்துப் பார்த்தால் மாறுதல் ஒன்றுமே தெரியாது. எலெக்ட்ரான் நுண்காட்டிதான், வடிகட்டியின்மேல் விரல் கோத்தாற்போல் படிந்திருக்கும் உயிரணுக்களின் 'விரல்கள்' மழுங்கிப் போயிருப்பதைக் காட்டிற்று. நல்ல மருந்து கொடுத்தால் அந்த விரல்கள் மீண்டும் தலையெடுக்கின்றன.

எங்கள் தெருவில் நான்கு வயதுக் குழந்தை ஒன்றுக்கு மூன்று வாரம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். மருந்து விட்ட நாட்களில் மாலைக்குள் வீக்கம் வடியவே, மருந்தில் குணம் இருக்கிறது என்று நம்பினார்கள். நிஜார் இடுப்பில் பொத்தான் போட முடியவில்லை என்று அதன் தாயார் என் மனைவியிடம் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கிற்று. மூத்திரம் பானையில் கறந்த பால்போல நுரைத்து நிற்கிறது என்றும் அந்த அம்மாளே சொன்னார். ஆனால் அதைக் கண்ணோடு சேர்த்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கண் மருத்துவர் கண்ணைத்தான் பார்ப்பார். அவரிடம் கொண்டு போகும்போது, "காலையில் இருக்கிறது, மாலையில் வடிகிறது, வயிறும் சற்று உப்பியிருக்கிறது, மூத்திரம் குறைவாகவும் நுரையாகவும் போகிறது" என்று நாம் நான்கு வார்த்தை சொன்னால் அவரும் வேறு இடத்துக்கு அனுப்பி வைப்பார்.

இன்னொரு விதமும் உண்டு. அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருவது. என் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு திங்கட்கிழமை முகம் அதைத்து வந்து உட்கார்ந்தான். முழங்காலுக்குக் கீழே ஆறிய சிரங்கின் தழும்புகள். தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்த் தனியாக, "மூத்திரம் என்ன நிறமாகப் போகிறது, தம்பி?" என்று கேட்டேன். கூச்சத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு, "பால் விடாத காப்பி மாதிரி, ஸார்" என்றான். அவன் சொன்ன உவமையைவிடப் பொருத்தமானது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. தொண்டைப் புண்ணையும் சொறி சிரங்கையும் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியோடு போராடும்போது, நம் சரீரம் உற்பத்தி செய்யும் பொருள்கள் சிறுநீரக வடிகட்டியில் போய் அடைத்துக்கொண்டு அழற்சியை உண்டாக்குகின்றன. தொண்டைப் புண் வந்து ஒன்று முதல் மூன்று வாரங்களிலும், சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரங்களிலும் இது தோன்றும். சிரங்கு ஆறிவிட்டதே என்று வீட்டார் மறந்துபோன சமயத்தில் கண் வீங்குவதால், இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. இதில் புரதத்தைவிட இரத்தம் கலந்து போவதும் இரத்தக் கொதிப்பு ஏறுவதுமே முக்கியம். கொதிப்பு மிகுந்தால் தலைவலி, வாந்தி, வலிப்புக்கூட வரலாம். பையனுக்கும் கொதிப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்து, உப்பையும் நீரையும் அளந்து கொடுத்து, நீர் பிரியும் மருந்தும் கொடுத்தார்கள். சிறுவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த நோயிலிருந்து முற்றும் குணமடைகிறார்கள். அவனும் அப்படியே மாதப் பரீட்சைக்கு வந்து சேர்ந்தான். சிரங்கை அப்போதைக்கப்போது வைத்தியம் செய்து ஆற்றுவது அழகுக்காக மட்டும் அல்ல என்பதை இதிலிருந்து பெற்றோர் அறியலாம்.

இங்கே நம் வீட்டு வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் வீக்கம் என்றவுடன் பார்லிக் கஞ்சியும் நெருஞ்சில் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் கொடுப்பது நம்மிடையே பரம்பரையான பழக்கம். பார்லிக் கஞ்சியோடு எனக்கு விரோதம் இல்லை. ஆனால் மூத்திரம் குறைந்துபோன சிறுநீரகத்துக்கு இளநீர் நல்லதல்ல. அதில் பொட்டாசியம் மிகுதி. வெளியே போக வழியின்றி இரத்தத்தில் தேங்கினால் இருதயத் துடிப்பையே குலைத்துவிடும். உப்பைக் குறைப்பதுதான் மெய்யான பத்தியம். சாதத்தில் உப்பைக் குறைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும் மோர் மிளகாயும் போட்டால் பத்தியம் எங்கே?

பெரியவர்களின் வீக்கத்துக்கும் சில அடையாளங்கள் உண்டு. தைராய்டுச் சுரப்பி மந்தமாக வேலை செய்தால் இமைகள் கனத்து முகம் உப்பும். விரலால் அழுத்தினால் குழி விழாது என்பது இதன் விசேஷம். கூடவே சோம்பல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், குரல் தடித்தல், முடி உதிர்தல் ஆகியவையும் சேரும். ஒரு சிறு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட்டு அரை மணியாவது கழித்தே காப்பி குடிக்க வேண்டும் என்பதுதான் நம்மவர்களுக்கு இதிலுள்ள ஒரே கஷ்டம். அதே சுரப்பி அளவு மீறி வேலை செய்யும்போது இமை வீங்குவதோடு கண்ணும் முன்னே தள்ளி, விறைத்துப் பார்ப்பதுபோல் தோன்றும். டப்ளின் நகரத்து டாக்டர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்தது இதையே. புகை பிடிப்பவர்களுக்கு இது முற்றுகிறது. இருதயம் பலவீனப்பட்டால் வீக்கம் பெரும்பாலும் காலில் தொடங்கும். அந்த நோயாளி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்குவதால் முகத்துக்கு நீர் ஏறுவதில்லை. வயதானவர்களின் கீழிமையில் தொங்கும் பை வியாதியே அல்ல. தாங்கி நிற்கும் சவ்வு தளர்ந்து, கண்ணுக்கடியில் உள்ள கொழுப்பு முன்னே சரிவது அது. அதற்குக் களிம்பு வாங்கிப் பணத்தை விரயம் செய்ய வேண்டியதில்லை.

கர்ப்பிணிகளைப் பற்றி மட்டும் இரண்டு வாக்கியம் கூடுதலாக எழுதத்தான் வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் காலில் நீர் வருவது சகஜம் என்பது உண்மை. ஆனால் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு திடீரென்று முகமும் இமையும் வீங்கி, தலைவலியும் கண் முன் மினுக்கலும் கண்டால் அது சகஜம் அல்ல. அன்றைக்கே இரத்தக் கொதிப்பைப் பார்க்க வேண்டும். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்து, மூத்திரத்தில் புரதமும் இருந்தால் தாய், குழந்தை இருவர் உயிருக்கும் அபாயம் நெருங்கியிருக்கிறது. வளைகாப்புக்கு நாள் பார்த்திருக்கிறதே என்று தாமதிக்கும் சம்பந்திகளை நான் அறிவேன்.

மீண்டும் குழந்தைக்கு வருவோம். நெஃப்ரோடிக் நோய்க்கு மருந்து பிரெட்னிசலோன் என்னும் ஸ்டிராய்டு. இந்த ஜாதி மருந்துகளுக்கு மூலமான கார்ட்டிசோனை ஆராய்ந்த கெண்டால், ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன் இந்தக் குழந்தைகளுக்குச் செய்யக்கூடியது அதிகம் இல்லை. வீங்கிய உடம்பில் கிருமி புகுந்து மாண்டவர்களே பலர். இன்றோ 100 குழந்தைகளில் 80-க்குக் குறையாமல் இந்த மருந்துக்கு இணங்குகிறார்கள். அவர்களிலும் பெரும்பாலோருக்கு நான்கு வாரத்துக்குள் மூத்திரத்தில் புரதம் நின்றுவிடுகிறது. முதல் தடவை நோய் கண்டபோது, ஆறு வாரம் தினமும், பின்னர் ஆறு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் என்று கொடுப்பது நம் நாட்டில் வழங்கும் முறை.

ஸ்டிராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் கிலி பிடிக்கிறது. அது முழுவதும் ஆதாரமற்ற கிலி என்று சொல்ல மாட்டேன். நெடுநாள் கொடுத்தால் வளர்த்தி குறையும், எலும்பு பலவீனப்படும், கண்ணில் புரை விழலாம், தொற்று எளிதில் பற்றும். ஆகையால்தான் டாக்டர் குழந்தையின் உயரத்தையும் கொதிப்பையும் கண்ணையும் அவ்வப்போது பார்க்கிறார். ஆனால் கிலியினால் செய்யும் காரியம் அதைவிடப் பெரிய விபரீதம். பத்து நாளில் வீக்கம் வடிந்ததும், "குணமாகிவிட்டதே, இந்த விஷத்தை ஏன் கொடுக்க வேண்டும்?" என்று பாட்டனார் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். சில வாரங்கள் தொடர்ந்து வெளியிலிருந்து வந்த மருந்தினால் சரீரத்தின் சொந்தச் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. ஜுரமோ வாந்தியோ வரும் சமயமாயின் குழந்தை துவண்டு விழுந்து உயிருக்கே மோசம் வரலாம். நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. அதை எழுதிக் கொடுப்பவர் டாக்டர்.

மருந்து முடிந்த பிறகும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, சளி ஜுரம் வந்த சாக்கில் நோய் திரும்பக் காணும். இதற்கு மனம் தளரலாகாது. பெரும்பாலோருக்கு வளர வளர இது ஓய்ந்துவிடுகிறது. திரும்பி வருவதைக் கண் வீங்கிய பிறகு அறிவதைவிட முன்னாலேயே அறிவதுதான் சாமர்த்தியம். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். தேதி, காலை மூத்திரத்தில் புரதம் எவ்வளவு, எடை, கொடுத்த மருந்து என்று நான்கு கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். காகிதப் பட்டை வாங்க இயலாதவர்கள் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தை டாக்டரிடம் கேட்டு வாங்கி, சோதனைக் குழாயில் சிறிது மூத்திரம் எடுத்துச் சில துளி விட்டுப் பார்க்கலாம். புரதம் இருந்தால் வெண்மையாகக் கலங்கும். அமிலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத பரணில் வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் காட்டினால் நோய் திரும்பியிருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் இல்லை அல்லது சுவடு என்று காட்டினால் அடங்கியிருக்கிறது. வீக்கம் உள்ள குழந்தைக்கு ஜுரமும் கடுமையான வயிற்று வலியும் சேர்ந்தால் நோட்டை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி புகுந்திருக்கக்கூடும். தடுப்பு ஊசிகளையும் அந்த டாக்டரைக் கேட்டே போட வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆன சில தடுப்பு மருந்துகள் ஸ்டிராய்டு மிகுதியாகக் கொடுக்கும் காலத்தில் ஆகா.

இந்த நோட்டினால் மற்றொரு சௌகரியமும் உண்டு. மாத்திரை தொடங்கி ஒரு மாதமானால் குழந்தையின் கன்னங்கள் உருண்டு முகம் பூரண சந்திரன்போல் ஆகிவிடும். ஊரிலிருந்து வரும் உறவினர், "வீக்கம் இன்னும் வடியவே இல்லையே; மருந்து பிடிக்கவில்லை போலிருக்கிறதே!" என்று வாசற்படியிலேயே சொல்லிவிட்டு உள்ளே வருவார்கள். இது நீர் அன்று. மருந்தினால் கன்னத்தில் படிந்த கொழுப்பு. காலையில் கூடி மாலையில் குறைவதில்லை. கணுக்காலில் தடம் இல்லை. நோட்டில் அன்றைய காலைக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கும். மருந்து நின்று சில மாதங்களில் பழைய முகம் திரும்பிவிடும்.